பலகையில் யார் பேர்

பிலிப்பு சாருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். வந்திருந்தது வயிற்றெரிச்சல். அதற்குக் கள்ளக்குறிச்சியில் எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை கிடையாது.

காரணம் இதுதான். ஏரிக்கரைக் குடிசைக்காரர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்புக்குச் 'சடையன் நகர்' என்று பேர் வைக்கப்போகிறார்கள். சேதியைக் கொண்டுவந்தவள் ரம்யா. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், துடியான பெண். ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும், ரேஷன் கார்டு மாற்ற வேண்டும், பேரில்லாத இடத்துக்கு எப்படி மாற்றித் தருவது என்று தாலுகா ஆபீசில் கேட்டார்களாம். நமக்கு வீடு கிடைக்கப் பாடுபட்ட தலைவர் பேரையே வைத்துவிட்டால் அவருக்கு மரியாதை செய்த மாதிரியும் இருக்கும் என்று எல்லாரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்களாம்.

தலைவர் என்றதும் பிலிப்பு சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் ரம்யா சடையன் பேரைச் சொன்னாள். போதாக்குறைக்கு, கூட்டத்தில் வாசிக்கிற தீர்மானத்தை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும், உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வேறு கேட்டுக்கொண்டாள். எழுதித் தருகிறேன் என்று சிரித்தபடி அனுப்பிவைத்தவர் கதவைச் சாத்திய சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மனிதர் கரும்பு ஆலை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். கள்ளக்குறிச்சியில் ஏரிக்கரைக்கு அடுத்த தெருவில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கரியாலூர்ப் பக்கமிருந்து மலையை விட்டுச் செங்கல் சூளை வேலைக்கு இறங்கி வந்தவர்கள், திருநாவலூர்ப் பக்கமிருந்து கரும்பு வெட்ட வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று கலந்து கட்டின கூட்டம் அது. ஏரியைத் தூர்வாரப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்று, அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். அன்றைக்குப் பிடித்த பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. மாற்று இடம் கொடுக்காமல் கிளப்பக் கூடாது என்று மனு. கண்காணாத இடத்தில் கொண்டுபோய்ப் போட்டால் கூலி வேலைக்கு எப்படி வருவது என்று மனு. வீட்டுக்குப் பயனாளியின் பங்கு என்று கேட்கிற தொகையை அன்றாடங்காய்ச்சி எங்கே போய்ப் புரட்டுவான், குறைத்துத் தவணையில் வாங்குங்கள் என்று மனு மேல் மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் பிலிப்பு சாரைக் காணவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிற போலீஸ்காரரே விசாரிப்பார். கடைசியில் தொகையும் குறைந்தது, இடமும் கிடைத்தது. கச்சிராயபாளையம் ரோட்டை ஒட்டி, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, வரிசையாக நீலச் சுண்ணாம்பு அடித்த வீடுகள் எழுந்தன.

ஆனால் மனுவை எழுதுகிறவன் ஒருத்தன், நீட்டுகிறவன் ஒருத்தன். நீட்டியவன் சடையன். சூளையில் கல் அறுக்கிறவன், வாட்டசாட்டமான ஆள், மைக் இல்லாமல் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். ஊர்வலம் என்றால் முன்னால் நிற்பான், உண்ணாவிரதம் என்றால் முதல் ஆளாகப் படுப்பான். கலெக்டரிடம் அவன்தான் பேசுவான். மறுநாள் பேப்பரில் படம் வரும். படத்தில் சடையன் பல்லெல்லாம் தெரிய நிற்பான். ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை தெரியும். அந்த முழங்கை பிலிப்பு சாருடையது. இது என் கைதான் என்று எத்தனை பேரிடம் பேப்பரை நீட்டிச் சொல்ல முடியும்?

வீடுகளுக்குப் பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளர் சடையனுக்குத்தான் போனது. இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். சடையனுக்குப் போர்த்தியதில் சரிகை அகலம் ஜாஸ்தி என்று பிலிப்பு சாருக்குப் பட்டது. வாங்கிப் பார்த்து அளக்காததுதான் குறை.

இந்த எரிச்சலையெல்லாம் கொட்டிக்கொள்ள முன்பு வீட்டில் ஆள் இருந்தது. மனைவி இஞ்ஞாசியம்மாள் அடுப்பங்கரையில் வேலை பார்த்தபடியே எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பாள். "உடுங்க, நீங்க எழுதலன்னா அந்த ஆளு எத்த நீட்டுவாரு?" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு வயிறு குளிர்ந்துவிடும். போன வருஷம் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு எரிச்சலுக்கு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்க ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மனைவியின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சுற்றிலும் பேர் பொறித்த கற்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். மெழுகுவர்த்தி சரியாக நிற்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எழுந்து டவுன் பஸ் பிடித்துக் குடியிருப்புக்குப் போனார்.

சடையன் சூளைக்குப் போயிருந்தான். அது தெரிந்துதான் போனார். அவன் மனைவி ராணியம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். போன மாசம் சடையனுக்கு நெஞ்சு வலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்ததில் அவளுக்கு இன்னும் பயம் தெளியவில்லை. பிலிப்பு சார் சுகம் விசாரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போகிற போக்கில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ராணி, தப்பா எடுத்துக்காதம்மா. உசுரோட இருக்கிறவன் பேர பலகையில எழுதக் கூடாது. எங்க கல்லறைத் தோட்டத்துல வந்து பாரு, பேரு வெட்டின கல்லு யாருக்கு வெச்சிருக்குது? உங்க மலையிலயும் நடுகல்லு செத்தவனுக்குத்தான நடுறாங்க? அவனுக்கு வேற இப்பத்தான் நெஞ்சு வலி வந்துட்டுப் போயிருக்குது. அப்புறம் உன் இஷ்டம்."

ராணியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. பிலிப்பு சாருக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. மாதா கோயிலில் அவர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனின் இறக்கையில் 'அன்பளிப்பு: பிலிப்பு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி வருஷங்கள் ஆகின்றன. ஃபேனும் ஓடுகிறது, அவரும் ஓடிக்கொண்டிருக்கிறார். அன்று மத்தியானம் அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கூட்டம் அடுத்த ஞாயிறு சாயங்காலம், குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. பிலிப்பு சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். தீர்மானத்தை எழுதியிருந்தார், பேர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். 'பிலிப்பு' என்று எழுதினால் கச்சிதமாக அடங்குகிற இடம். ரம்யா இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டாள். மற்றவர்கள் தரையில் விரித்த தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். சடையன் எழுந்து கும்பிட்டான்.

தன் பேர் வேண்டாம் என்றான் அவன். பிலிப்பு சார் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்க மலையைப் பார்த்தார். சடையன் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"உசுரோட இருக்கிறவங்க பேர எழுதினா ஆயுசு கம்மியாயிடும்னு பிலிப்பு சாரு எங்கூட்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. என் மேல அவருக்கு அவ்ளோ அக்கறை. அதனால என் பேரும் வாணாம், உசுரோட இருக்கிற யாரு பேரும் வாணாம். சாரு பேர வைக்கலாம்னு சில பேரு நெனைப்பீங்க. அவரு நூறு வயசு இருக்கணும். அவருக்கு நாம கெடுதல் பண்ணக் கூடாது."

எல்லாரும் கைதட்டினார்கள். பிலிப்பு சாரும் தட்டினார். வேறு என்ன செய்வது? தன் கையாலேயே தன் வாயைத் தைத்துக்கொண்ட மனிதர், தட்டாமல் இருக்க முடியாதே. இதெல்லாம் மூடநம்பிக்கை, படித்தவன் பேசுகிற பேச்சா என்று இப்போது எழுந்து சொல்ல முடியுமா? மடியில் இருந்த தீர்மானத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு யார் பேர் என்ற பேச்சு எழுந்தது. ஒருவர் ஒரு கட்சித் தலைவர் பேரைச் சொல்ல, இன்னொருவர் எதிர்க்கட்சித் தலைவர் பேரைச் சொல்ல, தார்ப்பாயின் இரண்டு ஓரத்திலும் குரல் ஏறியது. ரம்யா சத்தம் போட்டு அடக்கினாள். அப்போதுதான் சடையன் மறுபடி எழுந்தான்.

"நம்ம இஞ்ஞாசியக்கா பேர வெச்சா இன்னா?"

யாரும் யோசிக்கக்கூட இல்லை. ஆமாம் என்று பெண்கள் பக்கமிருந்து ஒரே குரலாக வந்தது. பிலிப்பு சார் பெண்கள் பக்கம் திரும்பினார். எந்த இஞ்ஞாசியக்கா? அவர் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தவளா? உண்ணாவிரதம் முடிந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அது அவருக்குத் தெரியும். அதற்கா பேர்? கஞ்சி காய்ச்சியவளுக்கு நகர், மனு எழுதியவனுக்கு நாற்காலியா?

சடையன் சொல்ல ஆரம்பித்தான். ஏரிக்கரைக்கு ஜேசிபி வந்த நாள். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவனும் சூளையில் இருந்தான். வண்டி முதல் குடிசையை நெருங்கியபோது இஞ்ஞாசியம்மாள் தன் வீட்டிலிருந்து அருவாமனையையும் மீன் சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு நேர் முன்னால் மண்ணில் குந்தி மீன் ஆய ஆரம்பித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். இதை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்றாளாம். கூட வந்த அதிகாரி திட்டினார். அவள் தலையே நிமிரவில்லை. அதைப் பார்த்து ராணியம்மாள் முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினாள். ஒருத்தி கீரையோடு வந்தாள், ஒருத்தி ஊறவைத்த புளியோடு, ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்க்க. வெயில் சாய்கிறவரை ஒருத்திக்கும் வேலை முடியவில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு குடிசை விழுந்திருந்தால் எல்லாக் குடிசையும் விழுந்திருக்கும், அப்புறம் மனு எதற்கு, நான் எதற்கு என்று முடித்தான் சடையன்.

பிலிப்பு சார் எழுந்து நின்றுவிட்டார். அந்த நாள் அவருக்குத் தெரியாதா? அவர் எத்தனையோ பேரிடம் சொன்ன கதையல்லவா அது? அவசர மனு எழுதிக்கொண்டு கோட்டாட்சியர் ஆபீசுக்கு ஓடியவர் அவர்.

"வண்டி நின்னது என் மனுவால," என்றார். "நான் குடுத்தத படிச்சிட்டுத்தான் கோட்டாட்சியர் போன் பண்ணி நிறுத்தச் சொன்னாரு. இந்தக் கையால ஆபீசுல குடுத்தேன். அவ வூட்ல இருந்தா. வூட்ல இருந்தவள கொண்டாந்து ஏன்யா இதுல சேக்கறீங்க?"

தார்ப்பாயில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தவருக்கு அந்த அமைதி புரியவில்லை. ரம்யாவைப் பார்த்தார். அவள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ராணியம்மாள்தான் மெல்ல எழுந்து வந்தாள்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க மனு குடுக்க போயிருந்தப்ப அந்தக் கோட்டாட்சியரு ஊர்லயே இல்ல. மறுநா சாயங்காலம்தான் வந்தாராம். இது எங்க எல்லாருக்கும் அன்னிக்கே தெரியும். அக்காதான் எங்க கைய புடிச்சிக்கினு சத்தியம் வாங்கிச்சி. 'எங்கூட்டுக்காரருகிட்ட நான் வந்து குந்தினத மூச்சு உடாதீங்கடி. வண்டி அவரு மனுவாலதான் நின்னுதுன்னு சந்தோசமா இருக்காரு. என் பேரு நடுவுல வந்தா அவருக்குத் தூக்கம் புடிக்காது'ன்னு சொல்லிச்சி. அதனாலதான் சார் இத்தினி நாளா யாரும் சொல்லல."

பிலிப்பு சார் உட்கார்ந்தார். ஜேசிபி வந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மீன் குழம்பு வைத்திருந்தாள். முதல் வாயிலேயே மண் நறநறவென்றது. மீனைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாதா என்று தட்டைத் தள்ளிவிட்டு, கோட்டாட்சியர் ஆபீசில் தான் வாதாடிய கதையைச் சொன்னார். அவள் வேறு தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, எதிரே உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

சடையன் மேல் பட்ட பொறாமை அவருக்குப் பழகிய பொறாமை. இப்போது வந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்துப்போன பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிற ஆண் பிள்ளை உலகத்தில் உண்டா? அவர் பட்டார். அந்த மண்ணில் தான் போய்க் குந்தியிருக்கக் கூடாதா என்று பட்டார். அதைவிட மோசமாக, அந்தத் தார்ப்பாயில் இருந்த பெண்கள் மேல் பட்டார். மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டிக்கும் சூளைக்காரன் பெண்டாட்டிக்கும் தெரிந்த இஞ்ஞாசியம்மாளை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் தன்னைக் காட்டியவள் அவருக்கு மட்டும் காட்டாமல் ஒளித்து வைத்துக்கொண்டாள். ஒளிக்க வைத்தது யார் என்று கேட்டால் பதில் அவரிடமே இருந்தது.

சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள் என்றாள் ரம்யா. எல்லாக் கையும் எழுந்தது. எல்லாக் கண்ணும் அவர் மேல் இருந்தது, வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமே. பிலிப்பு சாருக்குக் கை உடனே வரவில்லை. வந்தபோது தோள் வரைக்கும்தான் வந்தது. ரம்யா அதையும் சேர்த்துக்கொண்டாள்.

பலகை திறப்புக்குத் தாசில்தார் வந்தார். திரையை விலக்க ரம்யா மைக்கில் அழைத்தது, "இஞ்ஞாசியம்மா வூட்டுக்காரர் வருவாருங்க" என்று. பிலிப்பு என்ற பேரை யாரும் சொல்லவில்லை. அவர் போய்க் கயிற்றை இழுத்தார். பேப்பரில் படம் வந்தது. இந்தத் தடவை முகம் முழுசாகவே விழுந்திருந்தது. அவர் அந்தப் பேப்பரை யாரிடமும் நீட்டவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, தெருவிளக்குக்கு மனு எழுத வேண்டும் என்று கூப்பிட்டார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். வழக்கமாகப் பிலிப்பு சார் ஏரிக்கரை ஆளுங்க காலனி என்பார். இப்போது நிறுத்தத்திலேயே புதுப் பேர் எழுதிவிட்டார்கள். வாய் திறந்தவருக்குச் சொல் வரவில்லை. கல்யாணமான நாள் முதல் அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏமே" என்பார், "இந்தா" என்பார். பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து ஆண்களுக்கு வழக்கமும் இல்லை, வேண்டியும் இருந்ததில்லை. கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"இஞ்ஞாசியம்மாள் நகர் ஒண்ணு," என்றார் பிலிப்பு சார்.

கண்டக்டர் புதிதாக வந்த ஆள். டிக்கெட்டைக் கிழித்தபடி, "யாரு சார் அந்தம்மா? கட்சித் தலைவரா?" என்று கேட்டார்.

"ஏரிக்கரையில குடிசைங்கள இடிக்க வந்த வண்டிய நிறுத்துனவங்க."

"ஒரு பொம்பளையா? எப்டி சார்?"

என் மனு என்று ஆரம்பிக்க நாக்கு துடித்தது. அத்தனை வருஷப் பழக்கம், சும்மா போய்விடுமா? பிலிப்பு சார் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல அவங்கதான் போய் மண்ணுல குந்தினாங்க. அப்புறம்தான் மத்தவங்க வந்தாங்க," என்றார். கண்டக்டர் பெரிய ஆள்தான் என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அவள் என் வீட்டுக்காரி என்று பின்னாலேயே கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அதிலும் தனக்கு ஒரு பங்கு கேட்ட மாதிரி ஆகிவிடும்.